ஸ்டாக்டு சார்ட் தலைக்கு மேல டோட்டல்

ரொம்ப நாளா நான் பண்ணிட்டிருந்த ஒரு அசட்டு வேலைய முதல்ல ஒத்துக்கிறேன். எக்ஸெல்ல ஸ்டாக்டு காலம் சார்ட், அதாவது ஒரே கம்பத்துல கலர் துண்டுகள ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குற சார்ட், போட்டா ஒவ்வொரு கலர் துண்டுக்கும் லேபிள் வரும், ஆனா மொத்தம் எவ்வளவுன்னு மேல காட்ட நேரா ஒரு ஆப்ஷன் கிடையாது, அதனால டெக்ஸ்ட் பாக்ஸ் போட்டு கையால நம்பர் அடிச்சு ஒவ்வொரு கம்பத்து தலையிலயும் ஒட்டி வச்சிருவேன். 12 மாசத்துக்கு 12 பாக்ஸ். ஒருநாள் மீட்டிங்குக்கு கொஞ்ச நேரம் முன்னாடி டேட்டா மாறிடுச்சு, கம்பம் வளந்துடுச்சு, பாக்ஸ் மட்டும் பழைய நம்பரோட கம்பத்து இடுப்புல தொங்குது. உள்ள இருந்த துண்டையெல்லாம் மனசுலயே கூட்டிப் பாத்த ஒருத்தர் "இது எந்த ஊர் கணக்கு"ன்னு கேட்டுட்டார்.

அப்புறம்தான் ஒழுங்கா கத்துக்கிட்டேன். டேபிள்ல கடைசியா டோட்டல்னு ஒரு காலம் (நெடுவரிசை) சேத்து சம் ஃபார்முலா போட்டு, அதையும் சேத்தே சார்ட் போடுங்க. இப்ப சார்ட் கேவலமாத்தான் இருக்கும், ஏன்னா 40, 35, 25 மேல 100ங்கிற டோட்டலும் ஏறி உக்காந்து கம்பம் 200க்கு போயிடும். பயப்படாதீங்க. அந்த டோட்டல் துண்டை ரைட் கிளிக் பண்ணி, சேஞ்ச் சீரிஸ் சார்ட் டைப் போய், அதை மட்டும் லைனா மாத்துங்க. பக்கத்துல செகண்டரி ஆக்ஸிஸ் டிக் விழுந்திருந்தா எடுத்துடுங்க, இல்லன்னா கோடு வேற அளவுல ஓடும், லேபிள் எங்கயோ நிக்கும். கோடு இப்ப சரியா கம்பத்து உச்சிய தொட்டுட்டு போகும். அதுக்கு டேட்டா லேபிள் போட்டா சும்மா இருந்தா வலது பக்கம் வரும், அதை அபவ்னு மாத்திட்டு, கோட்டுக்கு நோ லைன் குடுத்துடுங்க. கோடு மறைஞ்சிடும், நம்பர் நிக்கும். எந்த கலர் எதுன்னு காட்டுற லெஜண்டுல டோட்டல்ங்கிற பேர மட்டும் ரெண்டாவது கிளிக்ல செலக்ட் பண்ணி டெலீட் அடிங்க, அவசரப்பட்டு ஒரே கிளிக்ல அடிச்சா மொத்த லெஜண்டும் போயிடும்.

சில பேர் கோடா மாத்தாம டோட்டல் துண்டுக்கு நோ ஃபில் குடுத்து கலர மறைச்சிட்டு, லேபிளை இன்சைட் பேஸ்ல, அதாவது அந்த துண்டோட அடியில, வைப்பாங்க. அதுவும் வேலை செய்யும், ஆனா ஆக்ஸிஸ் 200 வரைக்கும் போய் நிஜ கம்பம் பாதி உயரத்துல குட்டையா கிடக்கும், மேக்ஸிமத்த கையால குறைக்கணும், டேட்டா மாறினா திரும்ப அதே தலைவலி. எனக்கு கோடுதான்.

டோட்டல் காலம் ஷீட்ல அசிங்கமா இருக்குன்னு ஹைட் பண்ணா லேபிளும் காணாம போயிடும். செலக்ட் டேட்டாக்குள்ள ஹிடன் அண்ட் எம்ப்டி செல்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதுல மறைஞ்ச வரி, காலத்தையும் காட்டுன்னு டிக் போட்டா திரும்ப வந்துடும்.

கூகுள் ஷீட்ஸ்ல இந்த கூத்தெல்லாம் வேணாம், டோட்டல் டேட்டா லேபிள்ஸ்னே ஒரு டிக் இருக்கு.

மைனஸ் நம்பர் இருந்தா மட்டும் இந்த ட்ரிக் கொஞ்சம் சொதப்பும். மைனஸ் துண்டு கீழ இறங்கும், மொத்தம் அதைக் கழிச்சு வர்றதால லேபிள் கம்பத்துக்கு நடுவுல மாட்டிக்கும். அப்ப கோட்டுக்கு ப்ளஸ் நம்பர மட்டும் கூட்டுற சம்இஃப் குடுத்து, லேபிளுக்கு மட்டும் வேல்யூ ஃப்ரம் செல்ஸ்ல நிஜ டோட்டலைக் காட்டுங்க, எக்ஸெல் 2013லேர்ந்து அது இருக்கு.