குறட்டைக்கு நடுவில் வந்த அமைதி

கல்யாணம் முடித்த காலம் தொட்டே இவருக்குக் குறட்டை உண்டு. மாமி அதை "அசந்த நித்திரை" என்று சொல்லுவா. நானும் 18 வருசம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன சித்திரை வெக்கையில் ஒரு இரவு எனக்கு நித்திரை வரவில்லை. பக்கத்தில் இவருடைய குறட்டை திடீரென்று நின்றது. நெஞ்சும் வயிறும் அசைந்தன, ஆனால் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தால் காற்றே இல்லை. மனதுக்குள் எண்ணினேன். 22 வந்தபோது, தண்ணீருக்குள் மூழ்கி எழும்பியவர் மாதிரி இழுத்து மூச்செடுத்தார், புரண்டார், மறுபடி குறட்டை. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதே மாதிரி. விடியும்வரை நான் கண் மூடவில்லை. காலையில் கேட்டால், "வடிவாத்தானே படுத்தனான்" என்கிறார்.

அதற்குப் பிறகுதான் பழையதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எழும்பும்போதே வரும் தலையிடிக்கும் வாய் வறட்சிக்கும் வெக்கைதான் காரணம் என்றிருந்தோம். இரவில் மூன்று தரம் சலம் போக எழும்புவார். சீனி வருத்தமோ என்று பயந்து இரத்தம் சோதித்தோம், சீனி சரியாகவே இருந்தது. இரண்டு வகைக் குளிசை போட்டும் பிரஷர் இறங்கவில்லை. அதற்கு என் கறியின் உப்பில் பழி. வேலைக்கு வேலணைக்குப் போய் வருபவர் ஒரு பின்னேரம் பண்ணைப் பாதையில் மோட்டார் சைக்கிளில் கண் சொருகி, வீதிக்கரை மட்டும் போய்விட்டார். இரண்டு பக்கமும் கடல். அதை எனக்குச் சொன்னதே ஒரு மாதம் கழித்துத்தான். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்கும்.

முதலில் பார்த்த டொக்டர் "உடம்பைக் குறையுங்கோ" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். எனக்கு மனம் ஆறவில்லை. மூன்று இரவு போனில் சத்தத்தைப் பதிந்துகொண்டு இன்னொருவரிடம் போனோம். செய்தவற்றுள் உருப்படியான வேலை அதுதான். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, குறட்டை நின்ற இடத்தில் கையை உயர்த்தி, "இதுதான்" என்றார். ஸ்லீப் அப்னியா. நித்திரையில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகிறது. மூளை அரைகுறையாக விழித்துத்தான் அதைத் திறக்கிறது. படுத்தவருக்கு அது நினைவிலேயே இராது. பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

கழுத்தை அளந்தார்: 43 சென்ரிமீற்றர். 40க்கு மேலென்றால் சந்தேகப்பட வேண்டுமாம். பிறகு எப்வேர்த் அளவுகோல் என்று எட்டுக் கேள்விகள். வாசிக்கும்போது, டிவி பார்க்கும்போது, மத்தியானம் சாப்பிட்டு இருக்கும்போது தூங்கி விழுவீர்களா என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. 10க்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். இவர் தனக்கு 6 போட்டார். நான் திருத்தியபோது 15 வந்தது. பொய் இல்லை, இவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. டொக்டர் என் கணக்கைத்தான் எடுத்தார்.

நித்திரைப் பரிசோதனைக்குக் கொழும்புக்குப் போனோம். தலையில் வயர்கள், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டி, மூக்கில் குழாய், விரலில் கிளிப். இப்படி எப்படி நித்திரை வரும் என்று நினைத்தோம், ஆனாலும் தூங்கிவிட்டார். முடிவு: மணித்தியாலத்துக்கு 38 தரம் மூச்சுத் தடை. 30க்கு மேலென்றால் கடுமையானது. இரத்தத்தில் ஒட்சிசன் 76 வீதம் வரை இறங்கியிருந்தது. 7 மணித்தியாலம் படுத்தால் 260 தரத்துக்கு மேல் என்று கணக்குப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

இப்போது சீபாப் மெசின். மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்தபடி வைத்திருக்கும். முதல் பத்து நாள் பெரும் சிரமம். நடுச்சாமத்தில் கழற்றி எறிந்துவிடுவார். பின்னேரம் செய்தி பார்க்கும்போது அரை மணித்தியாலம் போட்டுப் பழக்கி, மாஸ்க்கின் அளவையும் மாற்றிய பிறகுதான் சரி வந்தது. மூன்றாம் கிழமையில் காலைத் தலையிடி போய்விட்டது. இரவில் எழும்புவதும் ஒரு தரமாகக் குறைந்துவிட்டது. பிரஷருக்கு இன்னும் கிளினிக் போகிறோம்.

பருத்தித்துறையில் இருக்கும் இவருடைய அண்ணருக்கும் இதே குறட்டை. ஆள் மெலிவு, அதனால் இராது என்கிறார். மெலிந்தவர்களுக்கும் வரும் என்று டொக்டர் சொன்னதை மச்சாளிடம் சொன்னேன். "குறட்டை நிக்கிற நேரம் எண்ணிப் பாருங்கோ, போனிலையும் பதியுங்கோ" என்றேன். நேற்று அனுப்பியிருக்கிறா. 17 வரை எண்ணினாவாம்.