கயிறு பிடித்த காலம்

1978 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேரன்று எனக்குப் பதினான்கு வயது. விடியுமுன்னரே சாரணர் உடுப்போடு கோயில் வீதியில் கயிறு பிடித்து நின்றேன். வெயில் ஏறினால் அந்த மணலில் கால் வைக்க இயலாது. அங்கப்பிரதட்சணம் செய்வோர் உருண்டு வரும் வழியெல்லாம் நாங்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். கூட்டத்தில் தவறிய பிள்ளைகளை ஒலிபெருக்கியில் அறிவிக்கும் கொட்டகைக்குக் கூட்டிச் செல்வதும் எங்கள் பொறுப்புத்தான்.

அன்று என்னிடம் வந்து சேர்ந்த சிறுமிக்கு நான்கு வயது இருக்கும். பெயர் கேட்டால் அழுதாள். என் கழுத்துப்பட்டியின் நுனியைப் பிடித்தவள் பிடித்தபடியே நின்றாள். மூன்று முறை அறிவித்த பிறகு தாய் ஓடி வந்தார். “சாரணர் தம்பி கூட்டிப்போனவர் என்று கச்சான்காரி சொன்னா. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது” என்றார். முன்பின் அறியாத ஒருவர் என்னை நம்பியது அதுதான் முதல் தடவை.

அதே ஆண்டு நவம்பர் 23 ஆம் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தது. நாங்கள் சாக்குகளோடு ஒழுங்கை ஒழுங்கையாகப் போனோம். அரிசி, சேலை, போர்வை என்று அவரவர் இயன்றதைத் தந்தார்கள். ஓலை வீட்டில் தனியே இருந்த ஓர் ஆச்சி உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. பிறகு இரண்டு பனங்கட்டிக் குட்டான்களைக் கொண்டுவந்து, “பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லு ராசா” என்றார். அவரிடம் இருந்ததே அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

1912 இல் மாத்தளையில் பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் ஆங்கில முறைப்படி தொடங்கிய சாரணர் இயக்கம், எங்கள் ஊருக்கு வந்து கோயில் வீதியிலும் ஒழுங்கையிலும் இப்படித்தான் வேர் பிடித்தது. பாசறைகளும் சின்னங்களும் எங்களுக்கும் இருந்தன. ஆனால் ஊர் எங்களை அறிந்தது வேலையால்தான்.

எங்கள் சாரண ஆசிரியர் அதிகம் பேசமாட்டார். நாங்கள் போட்ட முடிச்சில் தன் முழுப் பாரத்தையும் கொடுத்து இழுத்துப் பார்ப்பார். “இதை நம்பி ஒருவன் கிணற்றுக்குள் இறங்கலாமோ?” என்று கேட்பார். நாங்கள் ஒரு கணம் தயங்கினாலும் போதும், அவிழ்த்துவிட்டு மறுபடி போடச் சொல்வார். கிணறு இறைக்கும் நாட்களில் அந்த முடிச்சை நம்பி இறங்கியவர்கள் எங்கள் அயலவர்கள். அவர் ஏன் அவ்வளவு கண்டிப்பாக இருந்தார் என்பது அப்போதே எங்களுக்குப் புரிந்திருந்தது.

எங்கள் கல்லூரிச் சாரணர் குழுவுக்குக் கூடாரங்கள் வாங்க இந்த ஆண்டு பழைய மாணவர் சங்கம் நிதி சேர்க்கிறது. என் பங்கை அனுப்பிவிட்டேன். செயலாளரிடம் ஒரு வேண்டுகோள்: கூடாரங்களோடு நல்ல தும்புக் கயிறும் நாலைந்து சுருள் வாங்கிக் கொடுங்கள்.