ஓரிகன் பாதை: சக்கரம் காய்ந்தால் பயணம் நின்றது

1840களில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து இண்டிபென்டன்ஸ் ஊரிலிருந்து, மேற்குக் கரையிலுள்ள ஓரிகனுக்கு மாட்டு வண்டியில் குடியேறப் போன குடும்பங்களுக்குச் சுமார் 3200 கிலோமீட்டர், நான்கு முதல் ஆறு மாதப் பயணம். புல் முளைக்கும் முன் கிளம்பினால் மாட்டுக்குத் தீனி இருக்காது. தாமதித்தால் மலையில் பனி மறிக்கும். அதனால் ஏப்ரல் கடைசி, மே மாதம்தான் புறப்பாடு.

ஆளுக்கு ஏறக்குறைய 200 பவுண்டு மாவு, 150 பவுண்டு பன்றி உப்புக்கண்டம், 10 பவுண்டு காப்பி. வண்டிக்கு இரண்டு மூன்று ஜோடி எருது. குதிரையைவிட மெதுவென்றாலும் வெறும் புல்லைத் தின்றே இழுக்கும். என்னைக் கேட்டால் எருதுதான் சரியான தேர்வு.

பலரும் கவனிக்காத விஷயம் சக்கரம். பிளாட் ஆற்றைத் தாண்டி மேற்கே போகப்போகக் காற்று வறண்டுவிடும். மரம் சுருங்கும், ஆரக்கால் ஆடும், இரும்புப் பட்டை கழன்று ஓடும். முதல் வைத்தியம், இரவில் சக்கரத்தை ஆற்றில் ஊறப்போடுவது. காய்ந்ததும் மறுபடி தளரும். அடுத்தது, இரும்புப் பட்டைக்கும் வட்டைக்கும் (சக்கரத்தின் மர விளிம்பு) நடுவே மர ஆப்பு அடிப்பது. நிரந்தரமாகச் சரிசெய்ய, பட்டையைக் கழற்றி, வட்டையைச் சுற்றி மெல்லிய மரப்பட்டி அடித்து, பட்டையை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி மாட்டி, உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி இறுகப் பிடிக்கும்.

அச்சு முறிந்தால் மாற்று மரம் கைவசம் வேண்டும். மரமே இல்லாத சமவெளி அது. அச்சு தேயாமல் பூசும், தாரும் கொழுப்பும் கலந்த வண்டி மை வாளி பின்னச்சில் தொங்கும். மை தீர்ந்தால் உப்புக்கண்டக் கொழுப்பைத் தடவி ஓட்டினார்கள்.