மருந்துக்குத் தெளிந்த கண்

கண் மருத்துவமனையில் 'கிளினிக்கல் ரிசர்ச் கோஆர்டினேட்டர்' என்று சொன்னால் பாதிப் பேர் என்னை நர்ஸ் என்று நினைக்கிறார்கள், மீதிப் பேர் பில்லிங் கவுன்ட்டர் ஆள் என்று நினைக்கிறார்கள். நோயாளியிடம் ஒப்புதல் வாங்குவது, எடுத்த மாதிரி தியேட்டரிலிருந்து லேபுக்குப் போய்ச் சேரும்வரை பின்னாலேயே ஓடுவது, படிவம் நிரப்புவது, வராதவர்களுக்குப் போன் போடுவது. இதுதான் என் வேலை. சென்னையில் நான் இருக்கும் யுவியா (கண்ணின் நடு அடுக்கு) பிரிவில் எப்போதும் நாலைந்து ஆய்வுகள் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றில் மெல்லிய ஃபைல் கண்ணுக்குள் வரும் லிம்போமா என்ற வெள்ளையணுப் புற்றுநோய்க்கானது. என் நேரத்தை அதிகம் தின்பதும் அதுதான்.

ஃபைல் மெல்லியதாக இருப்பதற்குக் காரணம், நோய் அவ்வளவு அரிது. 2015இல் ஐரோப்பாவில் 17 மையங்கள் சேர்ந்து பழைய பதிவேடுகளையெல்லாம் புரட்டி ஓர் ஆய்வு வெளியிட்டன. அத்தனை பேர் தேடியும் கிடைத்த நோயாளிகள் 78 பேர். ஒரே மருத்துவமனை தனியாக உட்கார்ந்து இந்த நோயைப் பற்றி எதையும் நிரூபித்துவிட முடியாது என்பதை எனக்குப் புரியவைத்தது அந்த எண்தான்.

நோய் இப்படி: வெள்ளையணுக்களில் பி செல் என்று ஒரு வகை உண்டு. அது கெட்டுப்போய், கண்ணின் நடுவே நிரம்பியிருக்கும் விட்ரியஸ் ஜெல்லியிலும் விழித்திரைக்கு அடியிலும் பெருகுகிறது. மூளையில் வரும் லிம்போமாவும் இதுவும் ஒரே குடும்பம். பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது. அவர்கள் வந்து சொல்வது "கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது, புகை மூட்டமா இருக்கு" என்பது மட்டும்தான். வலி கிடையாது. பெரும்பாலும் சிவப்பும் கிடையாது. டாக்டர் உள்ளே பார்த்தால் ஜெல்லியில் செல்கள் மிதக்கும். உடனே தோன்றுவது யுவியைட்டிஸ், அதாவது கண்ணுக்குள் அழற்சி. காசநோய்க் கிருமி உடம்பில் புகுந்திருக்கிறதா என்று பார்க்க மான்டூ ஊசி போட்டால் நம் ஊரில் எத்தனையோ பேருக்குக் கை தடிக்கும். அப்புறம் என்ன, காசநோயால் வந்த யுவியைட்டிஸ் என்று முடிவாகிறது. காசநோய் மாத்திரையும் கூடவே ஸ்டீராய்டும் தொடங்குகிறார்கள்.

கண் தெளிந்துவிடும். வில்லங்கமே இங்கேதான். ஸ்டீராய்டு அழற்சியை மட்டும் அடக்குவதில்லை, லிம்போமா செல்களிலும் ஒரு பகுதியைக் கொன்றுவிடும். பூச்சி மறையும், எழுத்துப் பலகையில் இரண்டு வரி கூடுதலாகப் படிப்பார், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. டோஸைக் குறைத்ததும் மறுபடி மூட்டம். மறுபடி டோஸ் ஏறும், மறுபடி தெளியும். இப்படியே மாதங்கள் ஓடியபிறகு, தடிமனான ஒரு பிளாஸ்டிக் கவரோடு எங்களிடம் வருவார்கள்.

முதலில் பார்த்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். நம் நாட்டில் காசநோயை முதலில் நினைப்பதுதான் நியாயம். ஆனால் இரண்டாவது முறை திரும்பி வந்தபோதாவது ஒரு சந்தேகம் வந்திருக்கலாமே என்று அந்தக் கவரைப் பிரிக்கும்போதெல்லாம் தோன்றும். எங்கள் சீனியர் டாக்டர் அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்கும் குறிப்புகள் சில உண்டு. செல்கள் பெரிதாக, கொத்துக் கொத்தாக, திரைத்திரையாகத் தொங்குகின்றனவா? இவ்வளவு மூட்டம் இருந்தும் பார்வை எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறதா? நாள்பட்ட அழற்சியில் விழித்திரையின் நடுப்பகுதி நீர் கோத்து வீங்கும், அந்த வீக்கம் இங்கே காணோமா? விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேனில் விழித்திரையின் நிறமிப் படலத்துக்கு அடியில் மேடு மேடாக ஏதாவது தெரிகிறதா? அப்படியானால் ஸ்டீராய்டு ஊசியைக் கீழே வை, ஜெல்லியை எடுத்துச் சோதி என்பார்.

சோதிக்க வேண்டுமென்றால் ஸ்டீராய்டை நிறுத்த வேண்டும், குறைந்தது இரண்டு வாரமாவது. இல்லாவிட்டால் மாதிரியில் செத்த செல்களின் குப்பைதான் வரும். இதை நோயாளிக்குப் புரியவைக்கும் வேலை என் தலையில் விழும். "நல்லாக் கேட்டுட்டு இருந்த மருந்தை ஏம்மா நிறுத்தச் சொல்றீங்க?" என்பார்கள். கண்ணை வேண்டுமென்றே மூட்டமாக விடச் சொல்கிற ஆஸ்பத்திரி எது என்று சந்தேகத்தோடு பார்ப்பார்கள். அந்தப் பார்வையில் நியாயம் இருக்கிறது.

ஒப்புதல் வாங்குவதில் இன்னொரு சிக்கல். விழுப்புரம் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் வந்தார் (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன்). மகன் என்னைத் தனியே அழைத்து, "அப்பாகிட்ட கேன்சர்னு மட்டும் வாயைத் திறந்துடாதீங்க மேடம்" என்றார். ஆய்வில் சேர்கிறவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், அவரேதான் கையெழுத்துப் போட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறை வரைக்கும் போவானேன், யோசித்தாலே புரியும். மகனிடம் அதைப் பொறுமையாகச் சொல்லிவிட்டு, பெரியவர் முன்னால் படிவத்தை வைத்தேன். அவர் விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். வாழ்நாள் முழுக்கப் பட்டாவும் அடங்கலும் படித்த கண். 'லிம்போமா என்னும் ஒருவகைப் புற்றுநோய் உள்ளதா என அறிய' என்ற வரியில் நிற்கவே இல்லை. ஆறாம் பக்கத்தில் நின்றார். மீதமுள்ள மாதிரியை எதிர்கால ஆய்வுக்காகச் சேமிக்கலாமா என்று கேட்கும் கட்டம் அது.

"இதுல மிச்சம்னு போட்டிருக்கே, அதை யாருக்கு விப்பீங்க?"

விற்க மாட்டோம், மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைப்போம், பெயர் இருக்காது, வெறும் எண்தான் இருக்கும் என்றேன். எத்தனை வருஷம், சாவி யாரிடம், கரன்ட் போனால் என்ன ஆகும் என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு ஜெனரேட்டர் இருக்கிறது என்றதும் டிக் அடித்தார். அவர் கேட்டவற்றை எங்கள் நெறிமுறைக் குழு கூட அவ்வளவு கறாராகக் கேட்டதில்லை. அந்தப் பக்கத்தை நாங்கள் பிறகு திருத்தி எழுதினோம்.

இனி தியேட்டர். விட்ரெக்டமி, அதாவது விட்ரியஸ் ஜெல்லியை எடுக்கும் அறுவைச் சிகிச்சை என்றால் சாதாரணமாகக் கண்ணுக்குள் ஒரு பக்கம் திரவம் போய்க்கொண்டே இருக்கும், இன்னொரு பக்கம் கட்டர் ஜெல்லியை வெட்டி உறிஞ்சும். எங்களுக்கு வேண்டியது நீர் கலக்காத ஜெல்லி. அதனால் முதலில் திரவத்தை அடைத்துவிடுவார்கள். உதவி டாக்டர் கையில் ஒரு சின்ன சிரிஞ்ச், கட்டரின் குழாயோடு இணைத்திருக்கும். சர்ஜன் வெட்ட வெட்ட இவர் பிஸ்டனை மெல்ல இழுப்பார். உள்ளே எதுவும் போகாததால் விழி கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்துகொண்டே வரும். மைக்ரோஸ்கோப்பில் அதைப் பார்த்துக்கொண்டே சர்ஜன் "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... போதும், ஆன் பண்ணு" என்பார். கிடைப்பது ஏறத்தாழ ஒரு மில்லி. அதற்குமேல் ஆசைப்பட்டால் கண்ணுக்கு ஆபத்து.

அந்த ஒரு மில்லிக்குப் பங்காளிகள் அதிகம். செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் சைட்டாலஜிக்கு முதல் பங்கு, அதில் பேச்சே இல்லை. இந்தச் செல்கள் வெளியே வந்ததும் சீக்கிரமே சிதைந்துவிடும் என்பதால் சிரிஞ்சோடு நான் லிஃப்டுக்குக் காத்திருப்பதில்லை, படியில் இறங்கிவிடுவேன். பேத்தாலஜி மேடம் முன்கூட்டியே தயாராக உட்கார்ந்திருப்பார். பெரிய கரு, அதன் ஓரம் கோணல்மாணலாக, சைட்டோபிளாசம் பெயருக்கு மட்டும், கருவுக்குள்ளே துருத்திக்கொண்டிருக்கும் நியூக்ளியோலஸ் என்ற புள்ளி. அப்படி நாலு லிம்போமா செல் நல்ல நிலையில் கிடைத்துவிட்டால் அவர் முகத்திலேயே தெரிந்துவிடும். பல நாள் கிடைக்காது.

கிடைக்காத நாட்களுக்காகத்தான் மற்றப் பங்குகள். 1990களின் நடுவில் அமெரிக்காவின் தேசியக் கண் ஆய்வு நிறுவனத்தில் சி-சாவோ சான், ராபர்ட் நஸ்ஸன்பிளாட் ஆகியோரின் குழு ஒரு விஷயத்தைக் கவனித்தது. லிம்போமாவின் பி செல்கள் இன்டர்லூக்கின்-10 என்ற புரதத்தை அள்ளி வீசுகின்றன. சாதாரண அழற்சியில் கூடுவது இன்டர்லூக்கின்-6. முதலாவது இரண்டாவதைவிட அதிகமாக இருந்தால் லிம்போமாவைச் சந்தேகிக்க வேண்டும். இதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத முடியாது, ஆனால் செல் கிடைக்காத நாளில் நல்ல துணை. அடுத்த பங்கு மரபணுச் சோதனைக்கு. எம்ஒய்டி88 என்ற மரபணுவில் 265ஆம் இடத்தில் லூசினுக்குப் பதில் புரோலின் வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்த நோயாளிகளில் பெரும்பாலோரிடம் அந்த மாற்றம் இருக்கிறது. கண்ணின் முன்னறையில் உள்ள நீரில் ஒரு சொட்டை ஊசியால் எடுத்தே இவற்றைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதில் இப்போது உலகம் முழுக்க ஆர்வம். எனக்கும் அதில்தான் நம்பிக்கை. விழி தொய்வதைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

சிகிச்சை என்று வந்தால், கண்ணுக்குள்ளேயே மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்து ஊசி. ஒரு தடவைக்கு 0.1 மில்லியில் 400 மைக்ரோகிராம். மருந்துக் குப்பியோ மில்லிக்கு 25 மில்லிகிராம் வீரியத்தில் வரும். ஃபார்மசியில் அதில் 0.4 மில்லி எடுத்து, சலைன் சேர்த்து 2.5 மில்லி ஆக்குவார்கள். ஒருவர் கணக்குப் போட, இன்னொருவர் அதைப் பார்க்காமல் தனியாகப் போட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. பழக்கத்தில் உள்ள ஒரு அட்டவணைப்படி முதல் மாதம் வாரம் இரண்டு ஊசி, அடுத்த இரண்டு மாதம் வாரம் ஒன்று, பிறகு ஒன்பது மாதம் மாதம் ஒன்று. மொத்தம் 25. காகிதத்தில் அழகாக இருக்கும். வெளியூரிலிருந்து பஸ் பிடித்து, கூட ஒருவர் வேலைக்கு லீவு போட்டு வந்து, வாரம் இருமுறை என்பது வேறு விஷயம். நாலைந்து ஊசிக்குள்ளேயே கருவிழி மேல்தோல் புண்ணாகி, கண்ணைத் திறக்க முடியாமல் தவிப்பவர்களும் உண்டு. அப்போது இடைவெளியைக் கூட்டுவார்கள் அல்லது ரிட்டுக்சிமாப் என்ற வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். பயணப்படி தருகிறோம், ஆனால் லீவுக்குப் படி தர எந்த ஆய்வு பட்ஜெட்டிலும் இடம் இல்லை. இதை ஒவ்வொரு மீட்டிங்கிலும் சொல்கிறேன்.

ஊசிக்கும் கண் நன்றாகவே தெளியும், இந்த முறை நிஜமாகவே. ஆனாலும் வேலை முடிவதில்லை. இந்த நோய் பலருக்கு மாதங்களோ வருடங்களோ கழித்து மூளையில் தலைகாட்டுகிறது. அப்படியானால் ஆரம்பத்திலேயே உடம்பு முழுக்கக் கீமோ கொடுத்துவிட்டால் என்ன? முன்னே சொன்ன 17 மைய ஆய்வு இதைத்தான் பார்த்தது. அந்த 78 பேரில் கீமோ பெற்றவர்களுக்கு மூளை தப்பியது என்று காட்ட முடியவில்லை, பக்கவிளைவு மட்டும் கூடியிருந்தது. பழைய பதிவேடுகளை வைத்துச் செய்தது என்பதால் கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. மூளைக்குள் போய்ச் சேரும் மாத்திரைகளையும் சோதிக்கிறார்கள். எம்ஒய்டி88 மாற்றம் முடுக்கிவிடும் பாதையை அடைக்கும் இப்ருட்டினிப் என்ற மாத்திரையை பிரான்ஸில் நோய் திரும்ப வந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். பலரிடம் வேலை செய்தது.

எங்கள் ஃபைலில் இப்போது பெரிய தலைவலி எம்ஆர்ஐ தேதிகள். "கண்ணு நல்லாத்தானே தெரியுது, மூளையை எதுக்குப் படம் எடுக்கணும்?" என்று தள்ளிப்போடுவார்கள். ஸ்டீராய்டில் தெளிந்தபோது இருந்த அதே நிம்மதி. அதனால் போன் போடும்போது நோயாளியிடம் பேசி முடித்ததும் வீட்டம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறேன். மூளைக்குப் போனால் முதலில் மாறுவது குணமும் ஞாபகமும்தான், அது சம்பந்தப்பட்டவருக்குத் தெரியாது. பேரப்பிள்ளை பெயரை மாற்றிச் சொல்கிறாரா, கடைக்குப் போனால் வழி தடுமாறுகிறாரா, இல்லாத கோபம் வருகிறதா, சும்மாவே உட்கார்ந்திருக்கிறாரா என்று கேட்பேன். முதலில் இவற்றை ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன். டாக்டர் பார்த்துவிட்டு, படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டமே போடச் சொன்னார். போன மாதம் அந்தக் கட்டத்தில் விழுந்த ஒரு பதிலால், ஒருவருக்கு எம்ஆர்ஐ தேதியை ஆறு வாரம் முன்னுக்கு இழுத்தோம்.