குளக்கட்டில கண்ட வெளிச்சம்

வானத்தில கண்ட அடையாளந்தெரியாத பொருள்களை விசாரிச்ச புளூ புக் திட்டத்தை அமெரிக்க விமானப்படை 1969இல் மூடேக்க, பதிஞ்ச 12,618 சம்பவத்தில 701 விளங்காமலே கிடந்தது. மிச்சத்தில கனக்க வெள்ளிக்கிரகம், பலூன், விமானம். எனக்கு அது ஆச்சரியமில்லை.

போன மாசம் பொழுதுபட்டாப்போல எங்கட குளக்கட்டில சனம் கூடிட்டுது. கோர்த்துவிட்ட மாதிரி வெளிச்சப் புள்ளிகள் வரிசையாப் போகுது, சத்தமே இல்லை. "ஸ்டார்லிங்க் செய்மதியள், கீழ இருட்டினாலும் மேல அதுகளில வெயில் படுது" எண்டன். பெரியம்மா முகத்தைச் சுழிச்சா. "சண்டை நேரம் வண்டு, அந்த வேவு விமானம், இரவிரவாச் சுத்தேக்க பங்கருக்குள்ள கிடந்தனாங்கள். அதை ஆரடா விசாரிச்சவை?" என்னட்டப் பதிலில்லை.

பிரான்ஸில விண்வெளி நிறுவனத்துக்குள்ளயே 1977இலிருந்து இப்பிடி வானத்தில கண்டதுகளை விசாரிக்கவெண்டு ஒரு பிரிவு இருக்கு, இப்ப பெயர் ஜெய்பான். முறைப்பாடுகளை ஏ, பி, சி, டி எண்டு பிரிப்பினம். தகவல் போதாட்டில் சி, வடிவா விசாரிச்சும் விளங்காட்டில்தான் டி. இந்த ரெண்டையும் ஒண்டாக் குழைக்காததுதான் கெட்டித்தனம். எங்கட ஊர்க் கதையள் முக்கால்வாசியும் சிதான்: எத்தினை மணி, எந்தத் திசை எண்டு கேட்டால் ஆளாளுக்கு ஒவ்வொண்டு சொல்லுவினம்.