சோடியம் ஸ்கேன் நாட்குறிப்பு: எந்த எண்ணை நம்புவது?

2025 பிப்ரவரி 3, திங்கள்

தன்னார்வலர்களை மறுபடி ஸ்கேன் செய்யும் வேலை இன்று தொடங்கியது. 3 டெஸ்லா எம்.ஆர்.ஐ. கருவி, அதே ஆள், அதே காயில் (தலையைச் சுற்றி வைத்து சிக்னலை வாங்கும் ஆன்டெனா), சில நாள் இடைவெளி. மூளையின் சோடியம் அளவு இரண்டு தடவையும் ஒத்து வருகிறதா என்று பார்க்கிறோம். செல்லுக்குள் சோடியம் லிட்டருக்கு 10–15 மில்லிமோல்தான், வெளியே 140 சொச்சம். பக்கவாதத்தில், சோடியத்தை வெளியே தள்ளும் செல்லின் பம்ப் நின்றால் உள்ளே ஏறிவிடும். அந்த ஏற்றத்தைப் பிடிக்க வேண்டுமானால், நலமாக இருக்கும் ஆளிடமே எண் எவ்வளவு ஆடுகிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

பிப்ரவரி 5, புதன்

நாள் முழுக்க உப்புக் குழாய்கள். அகாரைக் கொதிநீரில் கரைத்து, தராசில் நிறுத்த உப்பைச் சேர்த்து, குமிழி வராமல் ஊற்றி உறைய விட்டேன். இவற்றைத் தலைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் சிக்னலை மில்லிமோலாக மாற்றுகிறோம். குழாய் இருப்பது காயிலின் ஓரத்தில், மூளை நடுவில். இரண்டு இடத்திலும் காயிலின் புலம் ஒன்றல்ல. அதைத் திருத்தாவிட்டால், குழாய் கொஞ்சம் நகர்ந்தாலே மூளையின் எண்ணும் நகர்ந்துவிடும். அதனால் நுரைப்பலகையில் ஒவ்வொரு குழாய்க்கும் பள்ளம் வெட்டினேன். முழு அளவீடும் தொங்குவது இந்தக் குழாய்களில்தான். கட்டுரைகளில் இதை ஒரே வரியில் கடந்துபோவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

முதல் ஜோடிப் படங்கள். மூளையின் உட்பகுதியான வெண்பொருளில் எண்கள் அழகாக ஒத்து வருகின்றன. மேலடுக்கான புறணியிலும் ஒத்து வருகின்றன, ஆனால் அங்கே எனக்கு நம்பிக்கை இல்லை. சோடியம் சிக்னல் மிகவும் பலவீனம், அதிலும் பெரும்பகுதி சில மில்லிவினாடிகளிலேயே மங்கிவிடும். அதனால் வாக்ஸலை, அதாவது படத்தின் மிகச் சிறிய கனசதுரத்தை, 4 மி.மீ. வரை பெரிதாக்க வேண்டியிருக்கிறது. புறணியின் தடிமனே 2 முதல் 4 மி.மீ.தான். பக்கத்தில் ஓடும் மூளைத் தண்டுவடத் திரவத்தில் சோடியம் 140 மில்லிமோலுக்கு மேல், திசுவிலோ அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. திரவம் வாக்ஸலுக்குள் கலந்தால் எண் கூடும், அடுத்த ஸ்கேனிலும் அதே அளவு கூடும். எண் மாறாததால் அது சரியென்று ஆகிவிடாது. வயதாகி மூளை சுருங்கியவர்களிடம் இந்தக் கலப்பு இன்னும் அதிகம். திருத்தம் செய்யாமல் நோயாளிகளோடு ஒப்பிட்டால், சுருக்கத்தையே சோடியம் ஏற்றம் என்று எழுதிவிடுவோம்.

பிப்ரவரி 20, வியாழன்

புள்ளியியல் பேச்சு நீண்டது. ஐ.சி.சி. மட்டும் போதும் என்றார்கள் குழுவில் இருப்பவர்கள். மொத்த வித்தியாசத்தில் ஆட்களுக்கு இடையே இருப்பது எவ்வளவு பங்கு என்று சொல்லும் எண் அது. நலமான இளைஞர்கள் எல்லோருக்கும் சோடியம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆட்களுக்கு இடையே வித்தியாசம் குறைந்தால், அளவீடு நன்றாக இருந்தாலும் ஐ.சி.சி. குறைவாகவே வரும். ஒரே ஆளுக்குள் எத்தனை சதவீதம் ஆடுகிறது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள். அப்புறம், படுக்கும் நிலை மாறினால் எண் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க, அடுத்த சுற்றில் ஒவ்வொருவரையும் மேசையிலிருந்து இறக்கி, மறுபடி படுக்க வைத்து எடுக்கப் போகிறோம்.