யார் சொன்ன 'இருக்கலாம்'?

மருந்துப் பாதுகாப்புத் துறையில் வேலை பார்க்கிறேன். ஒரு மருந்து சாப்பிட்டவருக்கு உடம்புக்கு ஏதாவது ஆனால், டாக்டர் அனுப்பும் குறிப்பை வைத்து நடந்ததைக் கோர்வையாக ஆங்கிலத்தில் எழுத வேண்டும், அதை நரேட்டிவ் என்போம். சேர்ந்த புதிதில் எனக்குப் பிடித்துப்போன வாக்கியம் 'மே ஹேவ் பீன் இன்ஃப்ளூயன்ஸ்டு பை', அதாவது 'இன்னதால் தூண்டப்பட்டிருக்கலாம்'. எதையும் அடித்துச் சொல்ல வேண்டாம், யார் அப்படி நினைத்தார்கள் என்று காட்டவும் வேண்டாம். கவனமாக எழுதுவது என்றால் இதுதான் என்று நம்பினேன்.

அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா, ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில் எடுத்தவர். சில வாரத்தில் வறட்டு இருமல், ராத்திரி தூங்கவே முடியவில்லை. டாக்டர் மாத்திரையை நிறுத்தினார், இரண்டு வாரத்தில் இருமலும் நின்றுவிட்டது. இந்த வகை மாத்திரைக்கு வறட்டு இருமல் நன்றாகத் தெரிந்த பக்கவிளைவுதான். ஆனால் குறிப்பின் கடைசியில், மாத்திரை ஆரம்பிக்கும் முன்பே சளி பிடித்து முழுசாகச் சரியாகிவிட்டது என்று ஒரு வரி இருந்தது. நான் அதை எடுத்து, இருமல் அந்தச் சளியால் தூண்டப்பட்டிருக்கலாம் என்று என் பிரிய வாக்கியத்தில் சேர்த்துவிட்டேன்.

சரிபார்த்த மேடம் என்னைக் கூப்பிட்டு, "இது யார் சொன்னது, டாக்டரா, நீங்களா?" என்று கேட்டார். டாக்டர் சொல்லவில்லை. நானும் யோசித்துச் சொல்லவில்லை.

அப்புறம் நரஞ்சோ அளவுகோலை எடுத்து வைத்தார், ஒரு பக்கவிளைவுக்கு மருந்து எவ்வளவு தூரம் காரணம் என்று மதிப்பிடும் கேள்விப் பட்டியல் அது. 1981-ல் வந்தது, பத்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. இந்த விளைவு ஏற்கெனவே தெரிந்ததா, 1. மருந்துக்குப் பிறகு வந்ததா, 2. நிறுத்தியதும் குறைந்ததா, 1. ஆக 4. வேறு காரணம் இருக்க முடியுமா என்ற கேள்விக்கு 'இல்லை' என்றால் இன்னும் 2 சேர்ந்து 6 ஆகும், அது 'ப்ராபபிள்', மருந்து காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு என்று அர்த்தம். 'தெரியாது' என்றால் 4-லேயே நிற்கும், அது வெறும் 'பாசிபிள்', இருக்கலாம், அவ்வளவுதான். 'ஆம்' என்றால் ஒன்று குறையும். ஆறின சளியைப் பார்த்து நான் எழுதிய ஒரு செயப்பாட்டு வினை, அந்த அம்மாவின் இருமலை ஒரு படி கீழே இறக்கப் பார்த்தது. இப்படி நூறு பேர் எழுதினால் ஒரு மருந்தின் பிரச்சினை எவ்வளவு தாமதமாகக் கண்ணில் படும் என்று அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

அதிலிருந்து 'வாஸ் கன்சிடர்டு பாசிப்ளி ரிலேட்டட்' (மருந்தோடு தொடர்பு இருக்கலாம் என்று கருதப்பட்டது) என்று எங்கே பார்த்தாலும் கை நிற்கிறது. காரண மதிப்பீட்டை டாக்டர் தனியாகவும் மருந்து நிறுவனம் தனியாகவும் சொல்வார்கள், சில நேரம் இரண்டும் ஒத்துப்போகாது. 'கருதப்பட்டது' என்று மட்டும் எழுதினால் எது யாருடையது என்பது தொலைந்துபோகும். செயப்பாட்டு வினையே கூடாது என்று நான் சொல்லவில்லை, 'பை' (by) போட்டு ஆளைச் சொல்லிவிட்டால் அதில் ஒரு தப்பும் இல்லை.

'மே', 'மைட்' விஷயமும் அப்படித்தான். 'மைட் ஹேவ் பீன் ப்ரிவென்டட்' என்றால் தடுத்திருக்க வழி இருந்தது, ஆனால் தடுக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். 'மே ஹேவ் பீன் ப்ரிவென்டட்' என்றால் தடுக்கப்பட்டதா இல்லையா என்பதே நமக்குத் தெரியாது. பேச்சில் இரண்டையும் கலந்து விடுகிறார்கள், ஆனால் ஒரு மரணத்தைப் பற்றிய அறிக்கையில் கலக்கக் கூடாது.

தமிழுக்குக் கொண்டுவரும்போது என்னை இன்னும் உறுத்துவது 'கேனாட் பி ரூல்டு அவுட்'. ஆங்கிலத்தில் அது மிக மெலிந்த சந்தேகம், இல்லை என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை, அவ்வளவுதான். அதைத் தமிழில் 'மருந்துதான் காரணம் என்பதை மறுக்க முடியாது' என்று எழுதிய ஒரு மொழிபெயர்ப்பு என் மேஜைக்கு வந்தது. நம் காதுக்கு 'மறுக்க முடியாது' என்றால் சந்தேகமே இல்லை என்று அர்த்தம். அதை அடித்துவிட்டு, 'மருந்து காரணமாக இருக்கவே முடியாது என்று சொல்ல இப்போதைக்கு ஆதாரம் இல்லை' என்று மாற்றினேன். நீளம்தான், ஆனாலும் அதையே வைத்துக்கொண்டேன்.